பொம்மையின் கால்சட்டை

கால்சட்டை என் கையில் இருந்தது. அழுக்குத் துணி அறையில், ரத்தமும் மருந்தும் நாறும் படுக்கை விரிப்பு மூட்டைகளுக்கு நடுவே குந்தியிருந்தேன். உட்கார முடியாது. உட்கார முடியாததால்தான் இத்தனையும். வெளியே ஒலிபெருக்கி அலறியது.

"கண்ணிய அவசரநிலை! கண்ணிய அவசரநிலை! முகப்புக் கூடத்தில் பொம்மை உடையின்றி நிற்கிறது. மறு அறிவிப்பு வரும்வரை நோயாளிகளும் ஊழியர்களும் கண்களை மூடிக்கொள்ளவும். அறுவைச் சிகிச்சை அறையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்."

பக்கத்தில் ஊசி போடும் அறை. அங்கிருந்து ஒரு பெரியவர் கத்தினார்.

"யோவ், அது என் கை இல்லய்யா!"

"கண்ண மூடிக்கிட்டு இருக்கேன் பெரியவரே, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். பல வருடம் துவைக்காத அந்தக் கால்சட்டையில் எண்ணெய்ப் பிசுக்கு, பூச்சி உருண்டை, எத்தனையோ பேர் இருமிய கூடத்தின் காற்று, எல்லாம் சேர்ந்து நாறியது. அதைத் தூக்கி எறியவும் பயம். கையிலேயே வைத்திருக்கவும் அருவருப்பு.

நான் திருடி இல்லை. யாரிடமாவது சொன்னால்தான் மூச்சு விட முடியும்போல இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

எனக்குப் பதினெட்டு வயது. நில அளவைப் பயிற்சிப் பள்ளியில் சேர நாளைக் காலையில் நுழைவுத் தேர்வு. நாலு மணி நேரம் மரப்பலகையில் உட்கார்ந்து எழுத வேண்டும். இந்த வருடம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். எனக்கு வேறெதுவும் பிடிக்காது. ஒரு நிலத்தைக் காட்டி, இது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கேட்டால் சாப்பாட்டை மறந்துவிடுவேன்.

ஆனால் உட்கார முடியவில்லை. போன மழைக்காலத்தில் தொடங்கியது. தொடைகள் சேரும் இடத்தில். புண் இல்லை, வீக்கம் இல்லை. ஆனால் சைக்கிளில் ஏறினால், இறுக்கமாக உடுத்தினால், பஞ்சு மெத்தையில் உட்கார்ந்தால்கூட, அங்கே தணலை வைத்து யாரோ விசிறுவதுபோல எரியும். அத்தையிடம்தான் முதலில் சொன்னேன். "எல்லாம் அழுக்குடி. நல்லா சோப்பு போட்டுக் கழுவு" என்றாள். கழுவினேன். காலையும் மாலையும் தோல் வெளுக்கும்வரை கழுவினேன். எரிச்சல் இரண்டு மடங்கானது. அத்தை சோப்பை மாற்றச் சொன்னாள்.

பயிற்சிப் பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். "நின்னுக்கிட்டே எழுதலாம், தப்பில்ல" என்றார்கள். "ஆனா பெரிய ஆஸ்பத்திரியில எங்க வலின்னு சீட்டு வாங்கிட்டு வரணும்." அவ்வளவுதான். ஒரு சீட்டு. அம்மா அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு இன்று காலை என்னோடு வந்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் வாயால் வியாதி சொல்லக் கூடாது. கூடத்தின் நடுவில் ஆள் உயரத்தில் ஒரு பொம்மை நிற்கிறது. உச்சந்தலையில் இருந்து பாதம்வரை எண்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரைக் கம்புக்காரர் என்கிறார்கள். அவர் தரும் கம்பால் வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். அந்த எண்ணுக்கு உரிய டாக்டரிடம் அனுப்புவார். கம்பின் பிடியில் அத்தனை பேரின் வியர்வையும் பிசினாக ஒட்டியிருந்தது. வரிசையில் நின்ற ஆண்கள் கழுத்தை நீட்டி, யாருக்கு எங்கே என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொம்மைக்கு இடுப்பில் இருந்து பாதித் தொடைவரை ஒரு பழுப்புக் கால்சட்டை. இடுப்பைச் சுற்றித் தடித்த நூலால் பொம்மையோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். பின்பக்கம் மட்டும் பட்டன் வைத்த ஒரு சின்னச் சன்னல். அது எதற்கென்று அப்போது புரியவில்லை.

கம்பின் நுனியைக் கால்சட்டையின் மேல் வைத்தேன்.

"ஏம்மா, அது கால்சட்டை" என்றார் கம்புக்காரர்.

"அதுக்குள்ள இருக்கிற எடம்ணா."

"கால்சட்டைக்குள்ள எடம் கெடையாது. கண்ணியக் குழு தச்சு மூடியாச்சு. பக்கத்துல எங்கயாவது காட்டு. தொப்புளா, முழங்காலா?"

"ரெண்டும் வலிக்கலண்ணா."

"நல்லதாப் போச்சு. சீக்கிரம் குணமாயிடும்."

பின்னால் நின்றவர், "தொட்டுத் தொலம்மா, எனக்குப் பல் உயிர் போகுது" என்றார்.

தொப்புளைத் தொட்டேன். வயிற்று டாக்டர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் ஒரு மாத்திரையைக் கொடுத்து அங்கேயே விழுங்கச் சொன்னார். விழுங்கினேன். "இப்ப வயிறு வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "பாத்தியா! அடுத்தது யாரு?"

திரும்பவும் வரிசை. முழங்காலைத் தொட்டேன். எலும்பு டாக்டர் இரண்டு முழங்காலுக்கும் பட்டை கட்டினார். சீட்டு கேட்டேன். உடனே எழுதிக் கொடுத்தார். 'நோயாளி எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது.' எனக்கு அழுகை வந்தது. அழுததால் நெற்றியைத் தொடச் சொல்லி மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் என்னிடம் பேசவில்லை, அம்மாவிடம் பேசினார்.

"பரீட்சை பயம். இந்த வயசுல இப்படித்தான் எதையாவது கற்பனை பண்ணிக்குவாங்க. ஒரு கல்யாணத்தப் பண்ணி வச்சிடுங்க, தன்னால சரியாப் போயிடும்."

"எனக்கு மாப்பிள்ளை வேணாம் டாக்டர், சீட்டு வேணும்" என்றேன்.

"பாத்தீங்களா, எவ்வளவு கோவம் வருது!"

முழங்கால் பட்டைகளோடு தத்தித் தத்தி நடைபாதையின் கடைசிக்கு வந்தபோது, அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அங்கே பழைய எக்ஸ்ரே இருட்டறை. ஜன்னல்களுக்குக் கறுப்புப் பெயின்ட். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு டாக்டரம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். வந்து சில மாதங்கள்தானாம். எந்த எண்ணும் தராமல் இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள்.

"முட்டிக்கு என்னம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப எங்க?" என்றார்.

காலையில் இருந்து அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. சொன்னேன். கதவைச் சாத்தினார். கேட்டுக்கொண்டே போனார்: எரிச்சலா குத்தலா, தொட்டால் மட்டுமா சும்மா இருந்தாலுமா, எத்தனை மாதம், என்ன போட்டுக் கழுவுகிறாய். சோப்பு என்றதும் கண்ணை இறுக மூடித் திறந்தார். அம்மாவைப் பக்கத்தில் நிற்கச் சொல்லி, என்னைக் கேட்டுவிட்டு, நான் சரி என்ற பிறகுதான் பரிசோதித்தார். ஈரப் பஞ்சு நுனியால் லேசாகத் தொட்டார். பூ விழுந்ததுபோலத்தான் இருந்திருக்க வேண்டும். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டேன்.

"போதும். தெரிஞ்சுபோச்சு" என்றார். "இது கற்பனை இல்ல. அழுக்கும் இல்ல. பெண்ணுறுப்போட வெளிப்பக்கத்த வல்வான்னு சொல்லுவோம். அங்க இருக்கிற நரம்பெல்லாம் சும்மாவே அலாரம் அடிக்குது. புண்ணோ கிருமியோ இல்லாம இப்படி மாசக்கணக்கா வலிச்சா, அதுக்குப் பேரு வல்வோடினியா."

"பேர் இருக்கா?" என்றாள் அம்மா. இன்று முழுவதும் அவள் வாய் திறந்தது அப்போதுதான்.

"பேரும் இருக்கு, வைத்தியமும் இருக்கு. ஒரே ராத்திரியில போகாது, பொறுமையாத்தான் போகும். மொதல்ல சோப்ப நிறுத்து, வெறும் தண்ணி போதும். தொளதொளன்னு பருத்தித் துணி போடு. மரத்துப்போற களிம்பு தரேன். தேவைப்பட்டா நரம்ப அமைதிப்படுத்த ஒரு மாத்திரை, கொஞ்சமா ஆரம்பிக்கலாம். வலிக்குமோ வலிக்குமோன்னு பயந்து நீ இடுப்புத் தசைய இறுக்கியே வச்சிருக்க. அதத் தளர்த்த மூச்சுப் பயிற்சி சொல்லித் தரேன், வாராவாரம் வா."

நான் அழுதேன். வலிக்காக இல்லை. பைத்தியம் இல்லை என்று தெரிந்ததற்காக.

சீட்டை அவரே எழுதினார். ஆனால் சீட்டில் முத்திரை விழப் பொம்மை எண் வேண்டும். என்னோடு கூடத்துக்கு வந்தார். கம்புக்காரர் சீட்டைப் படித்துவிட்டு, சுட்டதுபோல மேஜையில் போட்டார்.

"எண் இல்லாத எடத்துக்கு முத்திரை குத்த முடியாதும்மா. இந்த வார்த்தைய நீங்க வாயால வேற சொன்னீங்களா? நடைபாதையில கேட்டுச்சாமே."

"சொன்னேன். வல்வா" என்றார் டாக்டரம்மா, கூடமே கேட்க.

கம்புக்காரர் காதைப் பொத்திக்கொண்டு கண்காணிப்பாளர் அறைக்கு ஓடினார். டாக்டரம்மாவும் பின்னாலேயே போனார். நான் பொம்மையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எதையும் அளந்து பார்க்கிற புத்தி எனக்கு. அப்போதுதான் கண்ணில் பட்டது. கால்சட்டைக்குச் சற்று மேலே நாற்பது. அதற்குக் கீழே, தொடையில் நாற்பத்திரண்டு.

நாற்பத்தொன்று எங்கே?

என்ன செய்கிறேன் என்று யோசிக்கவில்லை. கால்சட்டையின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். நூல் மட்கிப்போயிருந்தது, பரபரவென்று பிரிந்து வந்துவிட்டது.

அங்கே நாற்பத்தொன்று இருந்திருக்கிறது. பொம்மையைச் செய்தவர்கள் எல்லாவற்றையும் செய்துதான் அனுப்பியிருக்கிறார்கள். யாரோ எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடம் முழுக்க மக்கு வைத்து அடைத்து, வழித்து, மேலே பெயின்ட் பூசியிருந்தார்கள். மக்கு காயும் முன்பு பெருவிரலால் ஓங்கி அழுத்திய ரேகை அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் என் உடம்பில் அந்த விரல் பட்டதுபோல இருந்தது. யாரோ வீரிட்டார்கள். நான் ஓடினேன்.

அழுக்குத் துணி அறைக்குள் என்னைக் கண்டுபிடித்தவர் கம்புக்காரர்தான். அவரும் கண்ணை மூடிக்கொண்டே, கம்பால் தட்டித் தட்டி வந்தார். கம்பு என் தோளில் குத்தியது.

"யாரு? துணியா, ஆளா?"

"ஆள்தான்."

"கால்சட்டை இருக்கா? மொதல்ல அதக் குடு. கண்ணத் தொறக்கணும், தலை சுத்துது."

கண்காணிப்பாளர் அறையில் டாக்டரம்மா ஓரமாக நின்றார். அம்மாவையும் அழைத்து வந்தார்கள். கண்காணிப்பாளர் பிஸ்கட்டை டீயில் முக்கி உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஊறிய துண்டு ஒன்று மீசையில் தொங்கியது. பேசி முடிக்கும்வரை அது விழவே இல்லை.

"இவங்க என்ன வார்த்தை சொன்னாங்க?" என்றார்.

"சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார் கம்புக்காரர். "எழுதவும் முடியாது."

"அப்ப சொன்னாங்கன்னு எப்படி நிரூபிக்கறது?"

"காது கூசுச்சுங்க ஐயா."

"அது போதும்." என் பக்கம் திரும்பினார். "இங்க பாரும்மா. இந்த ஆஸ்பத்திரியில பல வருஷமா அந்த எடத்துல ஒரு பொண்ணுக்கும் வலி கெடையாது. மருந்தாலயா? இல்ல, நிர்வாகத்தால! நான் பொறுப்பேத்தப்ப கூட்டம் கூட்டமா வந்து அந்த எண்ணத் தொட்டுக்கிட்டு நின்னாங்க. கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க, வயசானவங்க. எனக்கே பாக்க ஒரு மாதிரியா இருந்துச்சு. எண்ணச் சுரண்டினேன், மக்கு வச்சு அடச்சேன், கால்சட்டை போட்டேன். அடுத்த மாசமே வலி பூஜ்யம்! எந்த டாக்டராவது இவ்வளவு சீக்கிரம் குணப்படுத்தியிருக்கானா?"

"நீங்களேவா அடச்சீங்க?" என்றேன்.

"என் கையாலயே." பெருமையாகப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். பிஸ்கட் ஒட்டியிருந்தது.

"அந்தக் கூட்டமெல்லாம் எங்க சார் போச்சு?" என்றார் டாக்டரம்மா.

"வீட்டுக்கு."

"வலி?"

"அதையும் எடுத்துக்கிட்டுத்தாம்மா போயிருப்பாங்க. இங்க ஒண்ணும் விட்டுட்டுப் போகலையே!"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் நகைச்சுவையாகச் சொல்லவும் இல்லை.

டாக்டரம்மாவுக்கு அங்கேயே மாற்றல் எழுதினார். "எந்த ஊருக்குங்க ஐயா?" என்று கேட்ட கம்புக்காரரிடம், "ஊர் பேர அப்புறம் போட்டுக்கலாம். இப்போதைக்கு இங்க இல்லன்னா போதும்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நான் கல்நெஞ்சுக்காரன் இல்லம்மா. உனக்கு நின்னு எழுதணும், அவ்வளவுதானே? அதுக்குன்னு ஒரே ஒரு வியாதி இருக்கு. மூலம். எனக்கு இருக்கு, கம்புக்காரருக்கு இருக்கு, எங்க குழுவுல பாதிப் பேருக்கு இருக்கு. மரியாதையான வியாதி. கால்சட்டைக்குப் பின்னால சன்னல் எதுக்கு வச்சேன்னு நெனச்ச? எழுதித் தரேன், வாங்கிக்க."

"எனக்கு மூலம் இல்ல சார்."

"வந்துடும். படிக்கிற பொண்ணுதானே."

ஒரு நிபந்தனை. மாலையில் மேலிடத்தில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். வலி பூஜ்யமாக இருப்பதற்காக ஆஸ்பத்திரிக்குக் கேடயம். காலையில் நடந்த அசிங்கம் அவர்கள் காதில் விழுந்திருக்கும். அதனால் அம்மா மேடையேறி, பொம்மையின் தலையில் கை வைத்து, மைக்கில் உறுதிமொழி சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தாய்தான் சொல்லணுமாம்.

"வேணாம்மா" என்றேன்.

அம்மா டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா சுவரைப் பார்த்தார். "எம் பொண்ணு பரீட்சை எழுதணும்" என்றாள் அம்மா.

மாலைக்குள் பொம்மைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கால்சட்டை போட்டு, பெல்ட்டும் கட்டிவிட்டார்கள். வயிற்று டாக்டர், எலும்பு டாக்டர், மனநல டாக்டர் எல்லோரும் முதல் வரிசையில் இருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பேசினார். "பெண்களின் நலத்துக்கு இந்த நிறுவனம் செய்திருப்பதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது" என்றார். கை தட்டினார்கள். பிறகு அம்மாவை ஏற்றினார்கள். கண்காணிப்பாளர் ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தார், அம்மா திருப்பிச் சொன்னாள்.

"என் மகளுக்கோ."

"என் மகளுக்கோ."

"எனக்கோ."

சத்தம் வரவில்லை. மைக் கெட்டுவிட்டது என்று ஓர் ஆள் ஓடிவந்து அதைத் தட்டினான். டொக் டொக் என்றது.

"எனக்கோ" என்றாள் அம்மா.

"எங்கள் வீட்டுப் பெண்கள் யாருக்குமோ, அந்த இடத்தில், வலி இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை."

சொல்லி முடித்தாள். கை தட்டல் அடங்கவே இல்லை. அதன் நடுவில் டாக்டரம்மா ஒரு துணிப்பையோடு கூடத்தின் ஓரமாக நடந்து வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு களிம்பு டியூபை என் உள்ளங்கையில் வைத்தார்.

"கொஞ்சமாப் போட்டாப் போதும். சோப்பு வேணாம், ஞாபகம் இருக்கட்டும். தீர்ந்துபோச்சுன்னா விட்டுடாத, வேற டாக்டரத் தேடு. அந்தப் பேரச் சொல்லியே கேளு. பரீட்சைய நல்லா எழுது."

போய்விட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

சீட்டு இப்போது என் பரீட்சைப் பையில் இருக்கிறது. 'மூலம். நின்றுகொண்டு எழுதலாம்.' முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் களிம்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தணிந்தது. போகவில்லை, தணிந்தது. மாதக்கணக்கில் அந்தத் தணலை யாரும் இவ்வளவு நேரம் விசிறாமல் விட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டும். எனக்கு அந்தப் பெருவிரல்தான் கண்முன் நிற்கிறது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலும் மீசையில் தொங்கிய பிஸ்கட் ஞாபகம் வருகிறது.

அம்மா உள்ளே வந்து என் ஸ்கேலையும் பென்சிலையும் எடுத்து வைத்தாள். எடுத்து வைத்ததையே மறுபடி எடுத்து வைத்தாள். டியூபைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, மூடினாள்.

"மருந்து கேக்குதாடி?"

"ம். பரவால்ல."

"புதுசா வந்த வலிக்குத்தான் கேக்குமா? ரொம்ப வருஷத்து வலின்னா?"

"யாருக்கும்மா?"

அம்மா டியூபை இருந்த இடத்தில் வைத்தாள். அதன் பக்கத்தில் இருந்த தூசியைப் புறங்கையால் தள்ளினாள். எனக்கு அந்தக் கூட்டம் நினைவுக்கு வந்தது, வலியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போன அந்தக் கூட்டம்.

"நீ பொறந்த வருஷத்துல இருந்து" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. "பேரு இருக்கும்னு எனக்குத் தெரியாதுடி." என் பக்கம் திரும்பினாள்.

"அந்த டாக்டரம்மாவ எந்த ஊருக்கு மாத்தியிருக்காங்க?"